லிபர்ட்டி கடை பொய் வீடா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். நான் ரெடிங்கில் ஆறு வருடமாக இருக்கிறேன். ஷ்ரூஸ்பரியில் இருக்கும் ‘அபட்ஸ் ஹவுஸ்’ என்ற பழைய மரச்சட்டக் கடையைப் பற்றி போன மாதம் நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்ததிலிருந்து, அந்த மாதிரிக் கட்டடம் எங்கே தென்பட்டாலும் நின்றுவிடுகிறேன்.

சென்ற சனிக்கிழமை மனைவி, மகளுடன் லண்டன் போயிருந்தேன். ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் பக்கத்தில், கிரேட் மார்ல்பரோ தெருவில் லிபர்ட்டி கடை. கறுத்த மரச் சட்டங்கள், நடுவே வெள்ளைப் பூச்சு, முன்னால் துருத்தி நிற்கும் மாடிகள், முறுக்கிய புகைபோக்கிகள். நீங்கள் எழுதியதை நேரில் பார்ப்பதுபோல இருந்தது. மகளுக்கு ஒன்பது வயது. “இது நானூறு வருஷத்துக் கடை” என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு முதியவர், “மன்னியுங்கள், இது 1924-ல் கட்டியது” என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மகள் கேட்டாள், “அப்போ இது பொய் வீடாப்பா?” இன்றுவரை பதில் சொல்லவில்லை.

இன்னொன்று. மாடிகள் தெருப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது தரைக்கு வரி கட்டாமல் இருக்கத்தான் என்று ஒரு வழிகாட்டி சொன்னார். அது சரியா? இந்தக் கறுப்பு-வெள்ளையாவது பழையதுதானா, அதுவும் பிற்பாடு வந்ததா?

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர.,

பொய் வீடு இல்லை என்று மகளிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ஏன் இல்லை என்று அவள் அடுத்து கேட்பாள். அதற்கு நாம் லண்டனை விட்டுக் கொஞ்சம் வெளியே போய்வர வேண்டும்.

அபட்ஸ் ஹவுஸிலிருந்தே தொடங்குகிறேன். போன முறை அவசரமாக எழுதிவிட்டேன், சொல்ல வேண்டியது பாதி நின்றுபோயிற்று. ஷ்ரூஸ்பரி, செவர்ன் ஆறு கிட்டத்தட்ட முழு வட்டமாக வளைத்துக்கொண்டு ஓடும் மேட்டில் இருக்கிற ஊர். மேட்டின் நடுவில் புட்சர் ரோ, ஃபிஷ் ஸ்ட்ரீட், மில்க் ஸ்ட்ரீட். கறி, மீன், பால் என்று விற்ற பொருளையே பெயராக வைத்துக்கொண்ட தெருக்கள். முதல் இரண்டு தெருக்களும் சேரும் மூலையில் மூன்று அடுக்காக நிற்கிறது அந்தக் கட்டடம். லில்லிஷால் மடத்துக்காக 1457-59-ல் கட்டியது. ‘மடாதிபதி வீடு’ என்று பெயர் இருந்தாலும் தரைத்தளம் முழுக்கக் கடைதான். 1538-ல், எட்டாம் ஹென்றி காலத்தில், மடத்தைக் கலைத்துவிட்டார்கள். கடை நிற்கிறது.

நான் போன அன்று நல்ல மழை. குடை இல்லை. சுவரோடு ஒட்டி நின்றேன். மேலே இருந்த மாடி எனக்குக் கூரையாகிவிட்டது. அரைமணி நேரம் வேறு வேலை இல்லாமல் நின்றதால்தான் கண்ணுக்கு எதிரே இருந்ததை ஒழுங்காகப் பார்த்தேன். தரைத்தளத்தில் வரிசையாக அகன்ற திறப்புகள். ஒவ்வொன்றின் தலைப்பக்கமும் மரத்தில் செதுக்கிய மெல்லிய வளைவு. கீழ்ப்பக்கம் ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் ஒரு தடித்த அடிச்சட்டம். இப்போது கண்ணாடி இருக்கிறது. கட்டியபோது இருந்திருக்காது. இடைக்காலக் கடை ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, பலகைக் கதவுதான். அதுவும் பக்கவாட்டில் திறக்காது. கீழ்ப்பலகை வெளியே மடங்கி விழுந்து மேசையாகிவிடும், மேல்பலகை உயர்ந்து வெயில் மழைக்கு மறைப்பாகிவிடும். காலையில் கடையைத் திறந்தால் கடைமேசையும் பந்தலும் சேர்ந்தே வந்துவிடும். சாயங்காலம் இரண்டையும் மூடித் தாழிட்டால் அது சுவர்.

அந்தக் காலத்துக் கடையின் ஏற்பாடு முழுவதும் இந்த ஒரு ஜன்னலில் அடங்கிவிடுகிறது. வாங்குகிறவர் உள்ளே வருவதில்லை, தெருவிலேயே நிற்கிறார். விற்கிறவர் உள்ளே. செருப்புத் தைக்கிறவரோ தையல்காரரோ ஆனால், வெளிச்சம் அந்த ஜன்னலில்தான் கிடைக்கும் என்பதால் அதன் ஓரமாகவே உட்கார்ந்து வேலையும் செய்கிறார். பட்டறையும் விற்பனையும் ஒரே சின்ன அறை. ‘ஷாப்’ என்ற சொல்லின் பழைய ஆங்கில வேர் ‘ஷியோப்பா’. அதற்குச் சாவடி, கொட்டகை என்றுதான் பொருள். யார்க்கில் ‘ஷாம்பிள்ஸ்’ என்று ஒரு கசாப்புத் தெரு உண்டு. இறைச்சி வைக்கும் பலகை என்ற பழைய சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1872-ல்கூட அங்கே 25 கசாப்புக் கடைகள் இருந்தன. இன்று ஒன்றும் இல்லை. ஆனாலும் சில கடைகளின் வாசலில் அந்த அகலப் பலகைகளையும், இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகளையும் பார்க்கலாம். இருபக்க மாடிகளும் எட்டிக் கைகுலுக்கும் அளவுக்கு அந்தத் தெரு குறுகல். வெயில் படாததால் கறி சீக்கிரம் கெடாது.

அடுத்து, உங்கள் வழிகாட்டி சொன்ன வரிக் கதை. இங்கிலாந்தில் பழைய ஊர் எங்கே போனாலும் இதைச் சொல்கிறார்கள். நான் நம்புவதில்லை. காரணம் எளிது. இதே துருத்திய மாடி, கென்ட், சசெக்ஸ் பக்கத்துக் கிராமங்களில், சுற்றிலும் வயலாகக் கிடக்கிற பண்ணை வீடுகளிலும் இருக்கிறது. அங்கே யாருக்கும் இடத்தைப் பற்றிக் கவலை இல்லை. நகரத்தில் இரண்டு அடி கூடுதலாகக் கிடைத்தது லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் தச்சருக்கு வேறு காரணங்களும் இருந்தன. தரையிலிருந்து கூரைவரை ஒரே தூணாக ஓட வேண்டுமானால் அவ்வளவு நீளமான நேர்மரம் வேண்டும். அதைவிட, மாடி விட்டங்கள் வந்து சேரும் இடத்திலேயே அதே தூணில் ஏகப்பட்ட துளைகள் போட வேண்டிவரும், தூண் பலவீனமாகும். ஒவ்வொரு மாடியையும் தனிப் பெட்டியாகச் செய்து, கீழ்ப்பெட்டியின் மேல் சற்று முன்னால் தள்ளி வைத்துவிட்டால் இந்த இரண்டு சிக்கலும் இல்லை.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. இரண்டு முனையிலும் தாங்கிய பலகையின் நடுவில் பாரம் வைத்தால் அது தொய்யும். அதே பலகையை ஒரு பக்கம் வெளியே நீட்டவிட்டு, நீட்டிய நுனியில் பாரம் ஏற்றினால் நடுப்பகுதி தொய்யாமல் நிமிரும். மேல்மாடிச் சுவரின் பாரம் விட்டங்களின் நீட்டிய நுனியில் உட்கார்ந்து, அறைக்குள் நடமாடுகிறவர்களின் பாரத்துக்கு ஈடுகொடுக்கிறது. அந்தக் காலத்தில் விட்டங்களை இன்றுபோல நிற்கவைத்துப் போடாமல், பட்டையாகப் படுக்கவைத்துப் போட்டார்கள். படுத்த விட்டம் எளிதில் தொய்யும் என்பதால் இந்த ஈடு அவர்களுக்குத் தேவையாகவும் இருந்தது. கீழ்ச்சுவர் மழையில் நனையாது என்பது உபரி. அதை நானே நனையாமல் நின்று அனுபவித்தேன்.

அபட்ஸ் ஹவுஸ் மூலைக்கடை என்பதால் இரண்டு தெருப் பக்கமும் மாடி துருத்த வேண்டும். ஆனால் விட்டங்கள் ஒரு திசையில்தானே ஓடும்? அதற்கு மூலையை நோக்கிக் கோணலாக ஒரு பருத்த உத்திரம் போட்டு, இரண்டு பக்கத்து விட்டங்களையும் அதில் வந்து செருகுவார்கள். ‘டிராகன் பீம்’ என்று அதற்குப் பெயர். அந்த உத்திரத்தைத் தாங்குவது மூலைத்தூண். அந்தத் தூணுக்கு மரத்தைத் தலைகீழாக நிறுத்துவது வழக்கம். வேர்ப்பக்கம் மேலே. அடிமரம் இயல்பாகவே பருத்து விரிந்திருப்பதால், பல திசையிலிருந்து வரும் சட்டங்களை ஒரே இடத்தில் ஏந்த அங்கே சதை கிடைக்கிறது. மரம் வளர்ந்த விதத்தைப் பார்த்து வேலை வாங்கியிருக்கிறார்கள். இதை முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

கட்டிய முறையையும் சொல்லிவிடுகிறேன், அதில்தான் உங்கள் மகளுக்கான பதில் இருக்கிறது.

மரம் ஓக். பச்சை மரம். வெட்டி உலர்த்திக் காத்திருக்க மாட்டார்கள். ஒரு அடி கனமுள்ள ஓக் உத்திரம் உள்வரை உலரப் பல வருடம் ஆகும், உலர்ந்தபின் உளி இறங்காது. பச்சையாக இருக்கும்போது கோடாலிக்கும் உளிக்கும் இணங்கும். தச்சர் தன் பட்டறை முற்றத்தில் சுவர் சுவராகப் படுக்கவைத்து வேலை செய்வார். ஒரு சட்டத்தின் முனையை நாக்காகச் செதுக்குவார், அது போய்ச் சேரும் சட்டத்தில் துளை எடுப்பார். ஒவ்வொரு நாக்கும் தன்னுடைய துளைக்கு மட்டுமே பொருந்தும். அதனால் இரண்டிலும் ஒரே எண்ணை உளியால் கீறிவைப்பார். ரோமன் எண். உளிக்கு நேர்கோடு சுலபம் அல்லவா? நாலு என்பதற்குப் பெரும்பாலும் நாலு கோடுதான். பிறகு எல்லாவற்றையும் பிரித்து வண்டியில் ஏற்றி, கட்டும் இடத்தில் எண் பார்த்துக் கோத்து நிறுத்துவார்கள்.

கோத்த இடத்தில் இரும்பாணி இல்லை, மரமுளை. முளைக்குத் துளை போடுவதில் ஒரு சூட்சுமம். நாக்கில் இருக்கும் துளையையும் வெளிச்சட்டத்தின் துளையையும் ஒரே நேராகப் போட மாட்டார்கள். நாக்கின் துளை சட்டத்தின் தோள்பக்கம் ஒரு மயிரிழை தள்ளியிருக்கும். கூராகச் சீவிய முளையை அடிக்கும்போது அது வளைந்து நுழைந்து, நாக்கை உள்ளே இழுத்து இறுக்கும். முளையை அறுக்க மாட்டார்கள், நார்ப்போக்கிலேயே பிளந்து செய்வார்கள், அதனால்தான் வளைந்தாலும் ஒடியாது. வருடங்கள் போகப்போக மரம் உலர்ந்து சுருங்கும், முறுக்கும், வெடிக்கும். வீடு கோணும். ஆனால் மூட்டு விடாது. பழைய கடைகள் கோணலாக நிற்பதைப் பார்த்து ‘விழப்போகிறது’ என்று பயப்படுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது. கட்டிய புதிதிலேயே கோண வேண்டிய அளவு கோணிவிட்டு நிலைத்த வீடுகள் அவை.

பச்சை மரத்தால் நமக்கும் ஒரு லாபம். வெட்டிய உடனே கட்டியதால், உத்திரத்தில் மெல்லிய குழல்போலத் துளைத்து எடுத்து வளையங்களின் அகலங்களை ஆண்டு தெரிந்த மற்ற மரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், மரம் வெட்டிய ஆண்டே ஏறக்குறைய வீடு கட்டிய ஆண்டு என்று சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் பல கட்டடங்களுக்குத் துல்லியமாக ஆண்டு சொல்ல முடிவது இந்த வழியில்தான்.

எக்ஸெட்டரில் ஒரு வீடு இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டு வணிகர் வீடு. 1961-ல் புறவழிச்சாலை அதன்மேல் போக வேண்டியிருந்தது. இடிப்பதற்குப் பதில் உள்ளே முட்டுக்கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, சக்கரம் மாட்டி, தண்டவாளத்தில் வைத்து ஏறக்குறைய 70 மீட்டர் மேட்டில் நகர்த்திவிட்டார்கள். ‘நகர்ந்த வீடு’ என்றே அதற்குப் பெயர். பின்னாளில் அங்கே கல்யாண உடைக் கடை வைத்திருந்தார்கள். செங்கல் வீட்டை இப்படி இழுத்திருந்தால் வழியிலேயே உதிர்ந்திருக்கும். ஹார்ஷமில் இருந்த இடைக்காலக் கடைக் கட்டடம் ஒன்றை, இடிபடாமல் காப்பாற்றி, சட்டம் சட்டமாகக் கழற்றி சிங்கிள்டன் கிராமத்தில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி கோத்திருக்கிறார்கள். அங்கே பலகைக் கதவு எப்படி மடங்கும் என்று நேரிலேயே பார்க்கலாம். மரச்சட்ட வீடு என்பது ஒருவகையில் மிகப் பெரிய கட்டில் மாதிரி. கழற்றலாம், பூட்டலாம். மூட்டு சரியாக இருந்தால் அது அதே கட்டில்தான்.

இப்போது லிபர்ட்டிக்கு வரலாம்.

ஆர்தர் லேசன்பி லிபர்ட்டி 1875-ல் ரீஜென்ட் தெருவில் கடை தொடங்கினார். கிழக்கு நாடுகளின் பட்டும் கலைப்பொருட்களும்தான் சரக்கு, கடைக்கு ‘ஈஸ்ட் இந்தியா ஹவுஸ்’ என்று பெயர். அவர் 1917-ல் இறந்துவிட்டார், நீங்கள் பார்த்த கட்டடத்தை அவர் பார்க்கவில்லை. ரீஜென்ட் தெரு அரச முடிக்குச் சொந்தமான நிலங்களின் நிர்வாகத்தின் கையில் இருந்தது. அங்கே செவ்வியல் பாணியில் கல்முகப்புதான் வைக்க வேண்டும் என்பது கட்டுப்பாடு. அதனால் அந்தப் பக்கம் தூண்வரிசைக் கட்டடம் ஒன்றைக் கட்டி, கட்டுப்பாடு இல்லாத பின்தெருவில் தாங்கள் ஆசைப்பட்டதைக் கட்டினார்கள். அதுதான் கிரேட் மார்ல்பரோ தெருக் கடை. வடிவமைத்தவர்கள் எட்வின் ஹாலும் அவர் மகன் எட்வின் ஸ்டான்லி ஹாலும். 1924-ல் முடிந்தது.

மரம் எங்கிருந்து வந்தது என்று அந்த முதியவர் சொன்னாரா? இரண்டு போர்க்கப்பல்களை உடைத்து எடுத்த மரம். ஒன்று ‘இம்ப்ரெக்னபிள்’. 1860-ல் ‘ஹோவ்’ என்ற பெயரில் வெள்ளோட்டம் விட்ட மூன்று தளக் கப்பல். இரும்புக் கவசக் கப்பல்கள் வந்துவிட்ட நேரம், அதனால் போருக்குப் போகாமலே பயிற்சிக் கப்பலாக வாழ்ந்து முடித்தது. இன்னொன்று 1841-ல் வெள்ளோட்டம் விட்ட ‘ஹிந்துஸ்தான்’. அதுவும் பிற்காலத்தில் பல வருடம் டார்ட்மத் துறைமுகத்தில் பயிற்சி மாணவர்களுக்கு விடுதிபோல நின்றது. 1921-ல் இரண்டையும் விற்றுவிட்டார்கள். கடையின் முகப்பு நீளம் ஹிந்துஸ்தான் கப்பலின் நீளத்துக்கு ஒத்தது என்று சொல்வதுண்டு. கப்பல் தளப்பலகைகள் கடைக்குள் தரையாயின. நீங்கள் மூவரும் உள்ளே நடந்திருந்தால் மாலுமிப் பிள்ளைகள் நடந்த பலகையில் நடந்திருக்கிறீர்கள்.

இங்கிலாந்தின் சிற்றூர்களில் பழைய மதுக்கடைக்குள் போனால், “இந்த உத்திரமெல்லாம் ஸ்பானிஷ் கப்பலில் இருந்து வந்தது” என்று பெருமையாகக் காட்டுவார்கள். பெரும்பாலும் அது உண்மை இல்லை. உத்திரத்தில் காலியாக இருக்கும் துளைகளைப் பார்த்து உருவான கதை. அந்தத் துளைகள் வேறு வீட்டில் இருந்து கழற்றி வந்த மரத்தின் தடம், அவ்வளவே. நாடு முழுக்கப் பொய்யாகச் சொல்லிவந்த அந்தக் கதை மெய்யான இடம் லிபர்ட்டி. ‘பொய் வீடு’ என்று கேட்ட உங்கள் மகளுக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

இரண்டாவதாக, அந்த மரம் செங்கல் சுவரில் ஒட்டவைத்த அலங்காரம் இல்லை. 1920, 30-களில் லண்டனைச் சுற்றி முளைத்த புறநகர் வீடுகளில் அப்படி மெல்லிய பலகைகளை அறைந்து கறுப்பு அடித்திருப்பார்கள். ரெடிங்கிலும் நீங்கள் தினமும் பார்க்கக் கூடும். பலகையைக் கழற்றினால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. லிபர்ட்டியில் இருப்பது கனமான மரச்சட்டம். இரண்டையும் ஒரே பெயரில் ‘போலி டியூடர்’ (டியூடர் என்பது 1485 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்ட அரச குலம்) என்று அழைப்பது நியாயம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மரம் மெய், தச்சு மெய், வடிவம் அப்படி இல்லை. அபட்ஸ் ஹவுஸின் ஜன்னல் அப்படி இருப்பதற்குக் கறி விற்றதும் மீன் விற்றதும் காரணம். லிபர்ட்டியின் கூரான முகடுகளுக்கும் முறுக்கிய புகைபோக்கிக்கும் வியாபாரத்தோடு அந்த உறவு இல்லை. அது ஒரு பழைய பிரபுவின் மாளிகையைக் கனவு கண்ட கட்டடம். கட்டடக்கலை வரலாற்றாளர் நிகோலஸ் பெவ்ஸ்னர் அதை விரும்பவில்லை. அளவும் தப்பு, இருபக்கமும் ஒத்திருப்பதும் தப்பு, அப்படி ஒரு முகப்புக்குப் பின்னால் பெருங்கடை நடப்பது எல்லாவற்றையும்விடத் தப்பு என்பது அவர் கட்சி. முதல் இரண்டையும் நான் ஒப்புக்கொள்கிறேன். டியூடர் காலத்துத் தெருக் கடை எதுவும் அவ்வளவு பெரியதாக, அவ்வளவு சமச்சீராக இருந்ததில்லை. மூன்றாவதில் அவரோடு எனக்கு ஒப்புதல் இல்லை. உள்ளே மூன்று முற்றங்கள்போல வெளிச்சக் கிணறுகள் வைத்து, அவற்றைச் சுற்றி மாடங்கள், சின்னச் சின்ன அறைகள், பலவற்றில் கணப்பு அடுப்பு என்று கட்டியிருக்கிறார்கள். வாங்க வருகிறவர் ஒரு வீட்டுக்கு வந்தவராக உணர வேண்டும் என்பது நோக்கம். 1459-ல் வாங்குகிறவரைத் தெருவில் நிறுத்திய கடை, 1924-ல் அவரை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைக்கிறது. அந்த மாற்றத்துக்கு வெறும் இரும்புச் சட்டமும் கண்ணாடியும் போதாது என்று நினைத்த வியாபாரி, மரத்திடம் போயிருக்கிறார். எனக்கு அது புரிகிறது.

பழையதா புதியதா என்ற கேள்வி எவ்வளவு வழுக்கும் என்பதற்கு லண்டனிலேயே ஓர் உதாரணம் தருகிறேன். சான்சரி லேன் நிலையத்துக்கு எதிரே ஹோபர்னில் ‘ஸ்டேப்பிள் இன்’ என்ற பழைய வழக்கறிஞர் விடுதி. கீழே கடைவரிசை, மேலே அடுக்கடுக்காய்த் துருத்திய மாடிகள். இது உண்மையாகவே 1580-களில் கட்டியது. 1666-ன் பெருந்தீ பக்கத்தில் ஃபெட்டர் லேன்வரை வந்து நின்றுவிட்டதால் தப்பியது. தீக்குப் பிறகு வந்த சட்டம் லண்டனில் இனிச் செங்கல்லும் கல்லும்தான் என்றது. அதனால்தான் இது போன்றவை அங்கே இவ்வளவு அபூர்வம். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் இதைப் பார்த்தவர்களுக்கு மரமே தெரிந்திருக்காது, முகப்பு முழுக்கப் பூச்சு. 1886-ல் பிருடென்ஷியல் காப்பீட்டுக் கழகம் வாங்கி, கட்டடக்கலைஞர் ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் அந்தப் பூச்சை உரித்துப் பழுது பார்த்தார். 1944-ல் பறக்கும் குண்டு விழுந்து பின்னால் இருந்த கூடம் நொறுங்கியது. போருக்குப் பின் மிஞ்சிய பழைய மரங்களைப் பொறுக்கி மறுபடி கட்டினார்கள். இதில் எது பழையது? நாக்கு எந்தத் துளையில் இருந்ததோ அந்தத் துளைக்கே திரும்பிப் போயிருக்கிறது என்றால், எனக்கு அது பழைய கட்டடம்தான்.

கறுப்பு-வெள்ளையைக் கேட்டிருந்தீர்கள். அது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு மோகம். மரத்துக்குத் தார் பூசினார்கள், நடுவே வெள்ளை அடித்தார்கள். செஸ்டரில் நாம் பார்த்து வியக்கிற கறுப்பு-வெள்ளைத் தெருமுகப்புகளில் பல, ஜான் டக்ளஸ் போன்ற கட்டடக்கலைஞர்கள் விக்டோரியா காலத்தில் புதிதாகக் கட்டியவை. ஓக் மரத்துக்குப் பூச்சே வேண்டாம், வெயிலும் மழையும் பட்டு வெள்ளிச் சாம்பலாகிவிடும். சஃபோக்கில் லாவன்ஹாம் ஊருக்குப் போனால் அந்தச் சாம்பல் நிறத்தையும், மரம் சுவர் எல்லாவற்றின்மேலும் ஒன்றாகச் சுண்ணாம்பு அடித்த வீடுகளையும் காணலாம். என் கண்ணுக்கு அதுதான் அழகு.

நிறம்கூடப் பரவாயில்லை, கழுவலாம். என்னை உண்மையிலேயே வருத்துவது சிமெண்ட். சட்டங்களுக்கு நடுவே இருந்தது பிரம்புபோல மெல்லிய குச்சிகளைப் பின்னி, மண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசிய சுவர். அது ஈரத்தை வாங்கும், வெளியே விடும். 20-ஆம் நூற்றாண்டில் பல இடங்களில் அதைச் சுரண்டி எறிந்துவிட்டு சிமெண்ட் பூசினார்கள். மரம் சுருங்கி விரியும்போது சிமெண்ட் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும், மழைநீர் உள்ளே போகும், வெளியே வர வழி இல்லை. ஐந்நூறு வருடம் நின்ற அடிச்சட்டம் முப்பது நாற்பது வருடத்தில் உள்ளுக்குள் மக்கிவிடும். வெளியே பளிச்சென்று இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பிடிவரை இறங்கும். ஓர் ஊரில் ஒரு கடைக்காரர் தன் கடையின் மூலைத்தூணை அப்படிக் குத்திக் காட்டினார். அவர் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. கலைஞரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸ் 1877-ல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றுவரை இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. கெட்டதை மட்டும் வெட்டி எடுத்து, அதே ஓக்கை ஒட்டுப்போட்டு, சுண்ணாம்பு பூசுங்கள், மற்றதைத் தொடாதீர்கள் என்று.

அடுத்த முறை லண்டன் போனால் ஹோபர்னில் பத்து நிமிஷம் நில்லுங்கள். ஒரு விடுமுறை நாளில் ஷ்ரூஸ்பரிக்கும் போய்வாருங்கள், ரெடிங்கில் இருந்து தூரம்தான், ஆனால் ரயிலிலேயே போகலாம். மகளிடம் ஒரு சின்ன டார்ச் கொடுங்கள். தூணும் குறுக்குச்சட்டமும் சேரும் இடத்தில் பக்கவாட்டில் வெளிச்சம் அடிக்கச் சொல்லுங்கள். நேராக அடித்தால் தெரியாது, சாய்த்து அடித்தால் கீறல்களின் நிழல் எழும். பழைய மரச்சட்டங்களில் எங்காவது இரண்டு கோடோ மூன்று கோடோ கண்ணில் படலாம். பக்கத்திலேயே முளையின் தலை ஒரு விரலளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தொட்டுப் பார்க்கட்டும். என்ன எண் கிடைத்தது என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.